முள்ளைப் பார்த்து ஓட்டிய நாட்கள்

வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் பாதிச் சத்தத்தைக் காதில் வாங்காமல் ஓட்டப் பழகியிருப்பார்கள். ஹெட் கேஸ்கட் மாற்றிய வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் எல்லாச் சத்தமும் கேட்கும்.

உங்களில் யாராவது அந்த வேலையை வண்டிக்குச் செய்து, அதற்கப்புறம் வருகிற முதல் சில வாரங்களைத் தாண்டி வந்திருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் என்று மெல்லிசாக ஒரு தகடு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர், ஆயில், நெருப்பு மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் வாசலில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடுதான். அது போய்விட்டால் எஞ்சினைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்து மூடிய பிறகு வண்டி உங்களுக்குப் பழைய வண்டியாக இருக்காது. நீங்களும் பழைய ஆளாக இருக்க மாட்டீர்கள்.

பாய் சொல்லி அனுப்பியது

நான் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுமோவை வாடகைக்கு ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் அந்தோணி கடலுக்கும் ஏரிக்கும் போகிறவர். வலையில் என்ன விழும், எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் எங்கள் வீட்டு அடுப்பு பெரும்பாலும் வண்டியை நம்பித்தான் எரிந்தது. மார்கழி மாதத்தில் ஒருநாள் திருப்பாலைவனம் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, நான் ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் கொதித்து, கேஸ்கட் போய்விட்டது. பொன்னேரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். பட்டறையில் எஞ்சினின் தலையைத் தனியாகக் கழற்றி ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார்கள். தெரிந்தவர் ஒருவரை ஆபரேஷன் மேஜையில் பார்த்த மாதிரி இருந்தது. சரியாகப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பட்டறைக்கார பாய் என்னை உட்கார வைத்துச் சொன்னார். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் பார்க்கணும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. வேகம் வேண்டாம், பாரம் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு ஏசி வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவந்தால் போல்ட்டுகளை மறுபடி டைட் வைத்துத் தருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹீட் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டணும். "பாதியைத் தாண்டி மேல போச்சுன்னா நிறுத்திடு. யாரு இன்னா சொன்னாலும் நிறுத்திடு" என்றார். "எத்தினி நாளைக்கு பாய் இப்டி?" என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புள்ள பெத்தவளை ஊட்ல எத்தினி நாளு பாத்துக்குவாங்க? அத்தினி நாளு பாத்துக்கம்மா."

வெள்ளைப் புகை

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நல்ல பனி. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. தண்ணீர் பார்த்தேன், ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். பின்னால் சைலன்சரிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாகப் புகை. கேஸ்கட் போன அன்றைக்கும் இதே நிறத்தில்தான் வந்தது. தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கி எரிந்தால் அப்படித்தான் வரும், கூடவே ஒரு இனிப்பு வாசனையும் வரும். அந்த வாசனை இருக்கிறதா என்று பார்க்க, வண்டியை அணைக்காமல் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மோந்து பார்த்தேன். டீசல் வாடைதான் வந்தது. ஆனால் பயந்தவள் மூக்கை நம்ப முடியுமா? இன்னொரு தடவை மோந்தேன். எழுந்து ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் அடியில் பால் டீ ஆடை மாதிரி படிந்திருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தது. அப்படியும் மனசு கேட்காமல் மறுபடி பின்னால் போய் உட்கார்ந்தேன்.

எஞ்சின் சூடேறச் சூடேறப் புகை மெலிந்து, கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போனது. பனிக்காலத்தில் எல்லா வண்டியும் விடுகிற ஆவிதான் அது. சைலன்சருக்குள் தங்கியிருந்த ஈரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நான் நெஞ்சில் கை வைத்து எழுந்தபோது, மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோவிந்தம்மா நின்றிருந்தாள். எங்கள் பகுதியிலிருந்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி மாதிரி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "இன்னா ஸ்டெல்லா, ஊர்ல எல்லாரும் சாமிக்கு முன்னால உக்காந்து சாம்பிராணி மோப்பாங்க. நீ இன்னாத்துக்கு வண்டிக்குப் பின்னால உக்காந்து மோக்குற?"

ஐஸ் கூடை

கோவிந்தம்மா கூட்டம்தான் எனக்குக் காலை வாடிக்கை. ஏலம் முடிந்ததும் கூடைகளோடு வந்து ஏறுவார்கள். முன்பெல்லாம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நானே எண்ணியதில்லை; கதவு மூடினால் கணக்குச் சரி. இப்போது பாய் சொன்னது காதில் இருந்ததால், நடு சீட்டில் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், அவ்வளவுதான் என்றேன். மிச்சப் பேர் இறங்கவில்லை. நானும் சாவியைப் போடவில்லை. கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இறால் நன்றாக விழுந்திருந்தது; முதலில் போகிறவர்களுக்குத்தான் நல்ல வியாபாரி கிடைப்பார். நாங்கள் இப்படி உட்கார்ந்திருந்தபோதே ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்களோடு எங்களைத் தாண்டிப் போனது. கடைசியில் கோவிந்தம்மாதான் முறைத்துக்கொண்டே நாலு பேரை இறக்கி விட்டாள். இறங்கியவர்களில் ஒருத்தி அவள் சொந்த நாத்தனார்.

போகிற வழியெல்லாம் நான் மெதுவாகத்தான் போனேன். முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களோடு சரிக்குச் சரியாகக் கொஞ்ச தூரம் வந்து, பிறகு முந்திப் போனார். அந்தப் பெண்கள் பேசாமல் வருவது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பொன்னேரியில் கூடைகளை இறக்கும்போது கோவிந்தம்மா கரைந்துபோன ஐஸைக் கையால் அள்ளிப் பார்த்தாள். அப்புறம் பானெட்டைப் பார்த்தாள். "நாளைக்கு ஐஸு ரெண்டு கூடை வாங்கியாறேன். ஒண்ணு மீனுக்கு, ஒண்ணு உன் வண்டிக்கு."

அந்தோணியின் உதவி

கேஸ்கட் மாற்றிய புதிதில், உள்ளே தங்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால் தண்ணீர் மட்டம் லேசாக இறங்கும். அது சகஜம், இறங்கினால் இதை ஊத்து என்று பாய் ஒரு கேனில் பச்சைக் கூலன்ட் கலந்து கொடுத்திருந்தார். ஒருநாள் காலை நான் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அந்தோணி எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து ரேடியேட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். மட்டம் இறங்கியிருந்தது. கேன் இருக்கிற இடம் தெரியவில்லை. பின்கட்டில் கை பம்பு இருந்தது. எங்கள் ஊர் பம்புத் தண்ணீரில் சோறு வடித்தால் உப்பே போட வேண்டாம். அதை ஒரு குடம் அடித்து, வழிய வழிய ஊற்றி வைத்துவிட்டு, என்னிடம் பெருமையாகவும் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் அரித்துப்போன பழைய ஹெட்டுகளைக் காட்டி பாய் விளக்கியிருந்தார். அவருக்குப் போன் செய்தேன். "ஸ்டார்ட் பண்ணிட்டாரா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். "அப்ப அல்லா காப்பாத்திட்டாரு. கீழ திறந்து முழுசா எறக்கு. நல்ல தண்ணி ஊத்தி அலசு. மறுபடி எறக்கு. அப்பால கூலன்ட் ஊத்து" என்றார். அன்றைக்கு வரச் சொன்ன சவாரிக்கு வேறு வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நானும் அந்தோணியும் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை எடுத்து வந்து அலசினோம். கடைசிக் கேனைக் கவிழ்க்கும்போது அவருக்குத் தாங்கவில்லை. "என் படகு எஞ்சினு கடல் தண்ணியைக் குடிச்சே இத்தினி வருசமா ஓடுது. இதுக்கு மட்டும் கேன் தண்ணி. இன்னா, மெட்ராஸ்ல பொறந்துதா இது?"

கல்லறைக்கு வந்தவர்கள்

தை மாதத்தில் பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். பறவை பார்த்துவிட்டு அப்படியே டச்சுக்காரர் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு தம்பதியை ஏற்றினேன். வண்டி ரிப்பேராகி வந்திருக்கிறது, ஏசி போட முடியாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டேன். சரி என்றார்கள். ஆனால் ஏரியில் படகு, அதன் பிறகு கல்லறையில் நிழலே இல்லாத வெயில் என்று சுற்றியதில் திரும்பும்போது அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். மயங்கி விழுந்தால் என்ன செய்வது? முள்ளைப் பார்த்தேன், அது நல்ல இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று ஏசியைப் போட்டேன். போட்டதிலிருந்து முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டீ குடிக்க நிறுத்தினோம். அவர்கள் டீ வாங்கப் போனார்கள். நான் வண்டியைச் சுற்றி வந்தால், முன்பக்கம் அடியில் தரை நனைந்திருந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர், சாலையில் போகிறவர்கள் என்று யாரையும் பார்க்காமல் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டேன். சொட்டு விழுகிற இடத்தில் விரலை வைத்தேன். கூலன்ட் என்றால் வழவழப்பாக இருக்கும், பச்சை தெரியும். இது ஜில்லென்று வெறும் தண்ணீர். ஏசி போட்டால் எல்லா வண்டியிலும் சொட்டுகிற தண்ணீர்தான். அது எனக்குத் தெரியாததா? இத்தனை வருசமாக அந்த ஈரத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேஸ்கட் மாற்றிய பிறகு வண்டிக்கு அடியில் எது ஈரமாக இருந்தாலும் ரத்தமாகத் தெரிகிறது. நான் வெளியே வந்து முதுகு மண்ணைத் தட்டும்போது அந்த அம்மா டீ கிளாஸோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். "கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வச்சிருந்தாங்களே, அதைப் பார்த்துக்கூட நான் பயப்படலைங்க. நீங்க அடியில போய்ப் படுத்ததும்தான் பயந்துட்டேன்."

திருக்கை

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது, பாயிடம் வண்டியைக் கொண்டுபோக நாள் குறித்திருந்தேன், போல்ட் டைட் வைக்க. அதற்கு முந்தின நாள் முற்பகலில் அந்தோணி போன் செய்தார். கோட்டைக்குப்பத்துத் தேசிங்கு, இவரோடு ஏரியில் வலை இழுக்கிறவர், மணலில் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார். அது வாலைச் சுழற்றிக் கெண்டைக்காலில் முள்ளை ஏற்றிவிட்டது. முள்ளில் பாதி உள்ளேயே ஒடிந்து நிற்கிறது, ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது. "வண்டி எடுத்துகினு வா" என்றார்.

திருக்கை அடித்தால் சுடுதண்ணீரில் வைத்தால்தான் வலி அடங்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தேசிங்குவை முன்சீட்டில் உட்கார வைத்து, ஒரு பக்கெட் சுடுதண்ணீரில் காலை வைத்தோம். தண்ணீர் உடனே சிவந்துவிட்டது. பின்னால் அவர் மனைவி லட்சுமி, அவள் தம்பி வேலு, அந்தோணி. தேசிங்கு கத்துகிற ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "நைனா, நைனா" என்று மட்டும் முனகினார். நான் ஓட்டினேன். அன்றைக்கு மெதுவாக ஓட்டவில்லை. திருப்பாலைவனம் வரைக்கும் வண்டியின் ஹீட் முள் தன் இடத்தில் இருந்தது. அதைத் தாண்டியதும் பாதிக்கு வந்தது. அப்புறம் பாதியைத் தாண்டியது.

வேகத்தைக் குறைத்தேன். ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அனல் காற்று எல்லார் முகத்திலும் அடித்தது. "இன்னாக்கா பண்றே?" என்று வேலு கேட்டான். முள் ஒரு மயிரிழை இறங்கி, மறுபடி ஏறியது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் வயல், ஆள் நடமாட்டம் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான், ஓட்டிவிடலாம் என்று ஒரு மனசு. ஓட்டி, நடுவில் எஞ்சின் இறுகிவிட்டால் பொன்னேரியும் இல்லை, வண்டியும் இல்லை, இந்த மனுசனைத் தோளில் தூக்கிக்கொண்டா போவது என்று இன்னொரு மனசு. முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டே வந்தது. ஓரங்கட்டி அணைத்துவிட்டேன்.

"எதுக்கு நிறுத்துன?" என்றாள் லட்சுமி. நான் இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். மேல் ஹோஸ் ரேடியேட்டரோடு சேருகிற இடத்தில் சீறிக்கொண்டு ஆவி வந்தது. ஹோஸைப் பிடிக்கிற கிளிப் தளர்ந்திருந்தது. அதற்குள் வேலு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். அவன் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். திறந்திருந்தால் கொதிக்கிற தண்ணீர் அவன் முகத்தில்தான் அடித்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேராக ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கிளிப்பைத் திருகினேன். கை சுட்டது. அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. சூடு இறங்கணும், அவ்வளவுதான். ஈரச் சாக்கை ரேடியேட்டர் மேல் போட்டுவிட்டு நின்றேன். லட்சுமி சாலை நடுவில் நின்று வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் தேசிங்குவை உட்கார வைக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. பக்கெட்டில் தண்ணீர் ஆறிப்போய், தேசிங்குவின் முனகல் உரத்தது. அந்த நேரத்தை நான் எதனாலும் அளக்க மாட்டேன். லட்சுமி திரும்பி என்னைப் பார்த்த பார்வைதான் ஞாபகம் இருக்கிறது.

ஹோஸை விரலால் தொட முடிந்ததும், சாக்கைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வண்டியைச் சும்மா ஓட விட்டு, வண்டியில் வைத்திருந்த கேன் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினேன். முள் இறங்கியது. கிளம்பினோம். ஹீட்டரை நான் அணைக்கவில்லை. கால் பக்கம் வருகிற சூட்டுக் காற்றில் தேசிங்கு காலை நீட்டி வைத்தார். முதல் தடவையாக அவர் என்னோடு பேசினார்: "இது நல்லா கீதுக்கா. அப்டியே வெய்." ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்து, தையல் போட்டு, ஊசி போட்டார்கள். கால் தப்பிவிடும், ஆனால் ரொம்ப நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். லட்சுமி என்னிடம் வந்து, சத்தம் போடாமல் சொன்னாள்: "உனக்கு உன் வண்டி, எனக்கு என் புருசன். நடு ரோட்ல நீ உன்னுதைத்தான் பாத்த."

கிளிப் போட்டவர்

மறுநாள் பாய் பட்டறைக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொல்ல நினைக்கவில்லை. ஹோஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் போச்சு, வழியில் நிறுத்தினேன் என்று மட்டும் சொல்லத் தொடங்கி, முடிவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லட்சுமி சொன்னதையும் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டே கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பழைய கிளிப். மரை தேய்ந்திருந்தது. புது ஹோஸ் போட்டவர் பழைய கிளிப்பையே மாட்டியிருந்தார். பாய் புதுக் கிளிப்புகளை எடுத்து எல்லா ஹோஸுக்கும் மாற்றினார். பிறகு ஹெட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டைட் வைத்தார். ஒவ்வொன்றும் கடைசியில் டக் என்று ஒரு சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்தை நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேஸ்கட் நன்றாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார். எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. "நான் நிறுத்துனது சரிதானா பாய்?" என்று கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நிறுத்தாம போயிருந்தா நீ எங்க போய் நின்னிருப்பேன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட அதை நான் எந்த வாயால சொல்றது? கிளிப்பு போட்டவன் நானாச்சே."

முன்சீட்டு

அதற்கப்புறம் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் பஸ்ஸில்தான் போனார்கள். தேசிங்கு அந்தக் காலை வைத்துக்கொண்டு படியேறுவதை நான் ஸ்டாண்டிலிருந்து பார்ப்பேன். லட்சுமி என் பக்கம் திரும்ப மாட்டாள். அந்தோணி ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? நிறுத்தினது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவள் அன்றைக்குச் சாலையில் நின்ற நேரத்தைத் தப்பில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

மாசி கடைசியில் ஒருநாள் பஸ் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். நான் வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் பக்கத்தில் நிறுத்தினேன். கூப்பிடவில்லை, கதவை மட்டும் திறந்துவிட்டேன். தேசிங்கு லட்சுமியைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார். அவள் பஸ் வருகிற பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் வந்து முன்சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திருப்பாலைவனம் தாண்டினோம். அன்றைக்கு நின்ற இடம் வந்தது. லட்சுமி வெளியே பார்க்கவில்லை. என் முன்னால் இருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. "இது எங்க வந்தா நீ நிறுத்துவே?" என்று கேட்டாள். பாய் சொன்ன பாதிக் கோட்டில் விரலை வைத்துக் காட்டினேன். "அன்னிக்கு எங்க இருந்துச்சு?" சிவப்புக் கோட்டுக்குக் கிட்டே விரலை நகர்த்தி அதையும் காட்டினேன். அவள் இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் ஒரு விரல் கனம்கூட இல்லை. எதிரில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, நானோ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ ரோட்டைப் பாருக்கா. இதை நான் பாத்துக்கிறேன்."

கேஸ்கட் மாற்றினால் போல்ட்டுகளோடு ஓட்டுகிறவளுக்கும் ஒருதரம் டைட் வைக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எந்தப் பட்டறையிலும் முன்கூட்டிச் சொல்வதில்லை.